பெரியப்பா சூத்திரம்: மூலமும் உரையும்

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூலைத் தொடங்கக் கூடாது என்பது பழைய இலக்கணக்காரர்களின் கட்டளை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டையும் சொல்லிவிட வேண்டுமாம். சொல்லிவிடுகிறோம்.

ஆக்கியோன், எங்கள் பெரியப்பா. கோவில்பட்டியில் பிறந்து, தென்மத்திய ரயில்வேயின் லாலாகுடா பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்று, இன்றும் சங்குச் சத்தம் கேட்டால் கை தன்னால் டிபன் பாக்ஸைத் தேடுகிற மனிதர். வழி, பணிமனை ஹாக்கி அணியில் லெஃப்ட் ஹாஃப் ஆடிய வழி. எல்லை, கிழக்கே மௌலாலி, மேற்கே செகந்திராபாத் ஸ்டேஷன். நூற்பெயர் தலைப்பில் இருக்கிறது. யாப்பு வசனம், நடுநடுவே இருமல். நுதலிய பொருள், ஹாக்கி இந்தியா லீகில் ஆடும் ஹைதராபாத் தூஃபான்ஸ் அணியில் யாரை எடுத்திருக்கலாம், யாரை விட்டிருக்கலாம், எடுத்தவர்களுக்குத் தில் உண்டா என்பது. கேட்போர் மூவர். பயன் இல்லை.

பெரியப்பா எதையும் எழுதி வைத்ததில்லை. இரானி ஹோட்டலின் மூலை மேசையில், உஸ்மானியா பிஸ்கட்டைச் சாயில் முக்கி, அது ஊறி உடைந்து கோப்பைக்குள் விழுவதற்கு முன் வாய்க்குக் கொண்டுபோகிற இடைவெளியில் அருளியவைதான் எல்லாம். அதனால்தான் சூத்திரங்கள் இவ்வளவு சுருங்கியிருக்கின்றன. முறுக்கைக் கடித்துக்கொண்டு பேசுகிற ஊரில் பிறந்திருந்தால் நமக்கு ஒரு காப்பியமே கிடைத்திருக்கும்.

சூத்திரங்களுக்கு இரண்டு உரைமரபுகள் உண்டு. லாலாகுடா உரைகாரர், பெரியப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த தெலுங்கர். அந்தக் காலக் கோல்கீப்பர். மௌலாலி உரைகாரர் உருது பேசுபவர். ரைட் விங்கில் ஆடியவர். பணிமனையில் காது கொடுத்தே தமிழ் கற்றவர். இருவரும் ஒருவர் உரையை மற்றவர் ஏற்றதாக வரலாறு இல்லை. சாய்க்குக் காசு கொடுத்த ஒரே தகுதியில் யாம் இவற்றைத் தொகுத்தோம்.

அணிச் சேர்க்கை இயல்

2017க்குப் பிறகு நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக், 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஏலத்தோடு மறுபடி உயிர்பெற்றது. ஆண்கள் அணிகள் எட்டு. ஓர் அணிக்குச் செலவழிக்க அனுமதி 4 கோடி ரூபாய். அதற்குள் 24 பேரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதில் எட்டுப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். அதே மாதக் கடைசியில் இதே ஹைதராபாத்தின் கிரிக்கெட் அணி ஹைன்ரிக் கிளாசன் என்ற ஒரே ஆளைத் தக்கவைத்துக்கொள்ள 23 கோடி கொடுத்தது. லாலாகுடா உரைகாரர் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கிளாசனுக்கு ஐந்தே முக்கால் ஹாக்கி அணி வாங்கலாம். அந்த முக்கால் அணியில் கோல்கீப்பர் இருப்பாரா என்று யாம் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

இந்த ஏலச் செய்தியை ஒட்டித்தான் முதற்சூத்திரம் பிறந்தது.

‘ஆளை எடுக்குமுன்னே காலைப் பாரு.’

எளிமையாகத் தோன்றும் இந்த வரியில் நான்கு மாதம் போயிற்று. லாலாகுடா உரை, ‘காலு அண்டி, காலு’ என்று தொடைக்குக் கீழே தட்டிக் காட்டி முடித்துக்கொள்கிறது. தெலுங்கிலும் கால் காலுதான் என்பதால் அவருக்கு இதில் ஐயமே எழவில்லை. ஓர் ஆட்டக்காரனை எடுக்கும் முன் அவன் கெண்டைக்காலைப் பார். கோல் எண்ணிக்கையைப் பார்க்காதே என்பது அவர் கொள்ளும் பொருள். மௌலாலி உரையோ முற்றிலும் வேறு. ‘நக்கோ பாய். காலைன்னா சுபஹ். காலை ஷிப்ட்டுன்னு சொல்றதில்ல?’ என்பது அவர் வாதம். ஆளை எடுக்குமுன் அவன் விடியற்காலைப் பயிற்சிக்கு வருகிறானா என்று பார். ஒருவன் தில் அங்கேதான் தெரியும் என்பது அவர் உரை.

இலக்கணம் இந்த வழக்கை ஒரே வரியில் தீர்த்துவிடும் என்று யாம் நம்பினோம். கால் என்பதோடு இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும். ‘காலைப் பாரு’ என்று வரும். பொழுதைக் குறிக்கும் காலையில் உருபு மறைந்து நின்றால் வல்லினம் மிகாது. ‘காலை பாரு’ என்றுதான் வரும். ஆக, ஒரே ஒரு ‘ப்’ இருந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. அந்த நேரத்தில் பெரியப்பா வாயில் பிஸ்கட் இருந்தது. ஆக்கியோனையே அணுகிக் கேட்டோம். ‘நான் எதைச் சொன்னா என்னடா, ரெண்டையும் பாரேன்’ என்றார். ஆசிரியரே உரைகாரரைவிட ஆழமில்லாமல் பேசும் இத்தகைய இடங்களை ஆய்வாளர்கள் கண்டுகொள்ளாமல் கடப்பதே மரபு.

தூஃபான்ஸ் எடுத்த ஆட்களுக்குச் சூத்திரத்தைப் பொருத்திப் பார்ப்போம். சோனிபட் பக்கத்துச் சுமித்துக்கு 46 லட்சம். பெரியப்பாவுக்கு இதில் ஆட்சேபணை இல்லை; நடுக்களத்தில் பந்து கிடைக்காவிட்டாலும் சும்மா நிற்காத பையன் என்றார். மணிப்பூரின் நீலகண்ட சர்மா வந்ததில் உண்மையான மகிழ்ச்சி. பெல்ஜியத்துத் தடுப்பாட்டக்காரர் ஆர்தர் டி ஸ்லோவர் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் என்று சொன்னதும், ‘பேக்ல நிக்கிறவனுக்குப் பதக்கம் எதுக்கு, பொறுமை வேணும்’ என்று ஒரு துணைச் சூத்திரம் விழுந்தது. ஆஸ்திரேலியாவின் டிம் பிராண்டும் இங்கிலாந்தின் சக்கரி வாலஸும் முன்னே ஓடுகிறவர்கள். முன்னே ஓடுகிறவர்களைப் பற்றி லெஃப்ட் ஹாஃப்கள் உலகெங்கும் ஒரே கருத்துடையவர்கள் என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை.

பெரியப்பாவின் குறை வேறிடத்தில். பட்டியலை மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாகப் படித்துவிட்டு, ‘நம்ம கன்டோன்மென்ட் பையன் எங்கடா?’ என்றார். 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா, 2000 சிட்னி என மூன்று ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்கு ஆடிய முகேஷ் குமார் இந்த இரட்டை நகரத்துக்காரர். அவர் பந்தைக் கொண்டுபோவதைப் பார்த்தவர்களுக்கு இன்றைய டர்ஃபில் நடப்பது கேரம் போர்டு மாதிரி இருக்கிறதாம். உவமை சரியில்லை என்று மௌலாலி உரைகாரர் பதிவு செய்திருக்கிறார். கேரமில் ஆள் ஓடுவதில்லை.

ஆய்வு நேர்மை கருதி ஆக்கியோனின் மனச்சாய்வையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர் பிறந்த கோவில்பட்டி, கடலை மிட்டாய்க்கும் ஹாக்கிக்கும் பேர்போன ஊர். மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஹாக்கிக்கு அப்படியொன்று கேட்டு விண்ணப்பிக்கலாமா என்பது பெரியப்பாவின் நெடுநாள் யோசனை. அந்த ஊர்ப் பயிற்சி மையத்தில் வளர்ந்த கார்த்தி செல்வமும் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கார்த்தி கோலும் போட்டார். அதே கார்த்தியை இந்த ஏலத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் எடுத்தது. ஆகவே தூஃபான்ஸும் டிராகன்ஸும் மோதும் நாளில் பெரியப்பா யார் பக்கம் என்ற கேள்வி எழுகிறது. ‘அன்னிக்கு மட்டும் நான் அம்பயர் கட்சி’ என்பது அவர் விடை. அவர் வாழ்நாளில் அம்பயர் பக்கம் நின்ற ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்கிறார் லாலாகுடா உரைகாரர்.

பண்டமாற்று இயல்

ஓர் அணி தன் ஆளை இன்னோர் அணிக்குக் கொடுத்து வேறோர் ஆளை வாங்குவது கிரிக்கெட் மூலம் நமக்குப் பழகிவிட்டது. 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்து ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனதை, பெண் கொடுத்துப் பெண் எடுப்பதாகவே நம் வீடுகள் புரிந்துகொண்டன. பனித்தரையில் ஆடும் ஹாக்கியில் இது மிகப் பழைய வழக்கம். 1988 ஆகஸ்டில் எட்மன்டன் அணி வேய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொடுத்தபோது, அரசே தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்று கனடாவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கேட்டார். கிரெட்ஸ்கிக்கு ஈடாக வந்தவை சில ஆட்டக்காரர்கள், ஒன்றரைக் கோடி டாலர், பிற்காலத்தில் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள். இதைப் பெரியப்பாவிடம் விளக்கியபோது கடைசிப் பகுதியில் நிறுத்தினார். ‘இன்னும் பொறக்காத ஆளுக்குக் கூடவா பேரம்?’ பிறந்திருப்பார்கள், பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள் என்று விளக்கினோம். ‘அப்ப சரி, நம்ம ரயில்வே கோட்டா மாதிரி’ என்று சமாதானமானார்.

அந்தப் பனித்தரை ஆட்டத்தில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குத்திக்கொண்டால் ஐந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும், பிறகு திரும்பி வந்து ஆடலாம் என்பதையும் சொன்னோம். சற்று நேரம் மேலே ஃபேனைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, ‘அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு குத்துன்னா ரேட்டு பரவாயில்ல’ என்றார். நம் ஹாக்கியில் மஞ்சள் அட்டைக்கே குறைந்தது ஐந்து நிமிடம். அதை ஒருவன் மட்டையைச் சற்றுத் தாறுமாறாக வீசினாலே கொடுத்துவிடுவார்கள் என்பது அவருடைய பழைய ஆற்றாமை.

பண்டமாற்றின் உச்சம் தூஃபான்ஸிலேயே இருந்தது. ஏலத்தில் வெளிநாட்டுக்காரர்களிலேயே அதிக விலைக்குப் போனவர், 68 லட்சத்துக்கு ஹைதராபாத் எடுத்த கொன்சாலோ பெய்லட். பெனால்டி கார்னரில் பந்தை மட்டையோடு இழுத்துச் சுழற்றி எறியும் டிராக் ஃப்ளிக்கில் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவர். 2016இல் ரியோ ஒலிம்பிக் அரையிறுதியில் அர்ஜென்டினாவுக்காக ஜெர்மனிக்கு எதிராக மூன்று கோல் போட்டார். அர்ஜென்டினா தங்கமும் வாங்கியது. அதே ஆள் 2023இல் புவனேஸ்வரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். இம்முறை ஜெர்மனிக்காக. உலகக் கோப்பையையும் தூக்கினார்.

யாரும் அவரை விற்கவில்லை. தன்னைத் தானே மாற்றிக்கொண்டார். எந்த நாட்டை அழவைத்தாரோ அந்த நாட்டின் சட்டையையே போட்டுக்கொண்டார். இதைப் பற்றிய சூத்திரம் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ‘கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு’ என்பது ஒன்று. ‘கல்யாணம் பண்ணிக்கிட்டா இப்படித்தான் ஆகும்’ என்பது மற்றது. இரண்டாவது வடிவம் பெரியம்மா மேசைக்கு வராத நாளில் மட்டும் பதிவாகியிருப்பதால் அதை இடைச்செருகல் என்று தள்ள முடியவில்லை.

நிலத்தின் இயல்

இந்த இயல் சிறியது. ஏனென்றால் நிலமே இல்லை. ஹைதராபாத் தூஃபான்ஸ் 2024–25 பருவத்தில் ஹைதராபாத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆண்கள் லீகின் ஆட்டங்கள் ஒடிசாவின் ரூர்கேலாவில், 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட பிர்சா முண்டா மைதானத்தில் நடந்தன. லாலாகுடாவிலிருந்து ரயிலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பாஸ் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரருக்கே யோசனை வரும் தூரம்.

‘வீட்டுப் பக்கமே வராதவனுக்கு வீட்டுப் பிள்ளைன்னு பேரு’ என்பது இங்கே சூத்திரம். பின்னணி தெரிந்தால்தான் இதன் சூடு புரியும். 2003 ஆப்பிரிக்க–ஆசிய விளையாட்டுப் போட்டிகளின்போது இதே ஊரில் இந்தியா இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 3–1 என்று வென்றது. 2005இல் பிரீமியர் ஹாக்கி லீகின் முதல் பருவம் கச்சிபௌலி மைதானத்தில்தான் நடந்தது; கோப்பையை வாங்கியதும் ஹைதராபாத் சுல்தான்ஸ். ஆட்டத்தை நான்கு பாதிகளாக — பாதி எப்படி நான்காகும் என்ற இலக்கணச் சிக்கலை இப்போது விடுவோம் — நான்கு பகுதிகளாகப் பிரித்து அங்கே ஆடிக் காட்டினார்கள். உலக ஹாக்கி கூட்டமைப்பு அதே வழிக்கு வர 2014 ஆயிற்று. மௌலாலி உரைகாரர் இதை, உலகத்துக்குச் சாய் குடிக்க மூன்று இடைவேளை கொடுத்தது ஹைதராபாத் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டோம்.

சுல்தான் இருந்த ஊரில் இப்போது தூஃபான். தூஃபான் என்றால் புயல். புயல் கரையைக் கடப்பதும் நம் ஊரில் அல்லவே, ஒடிசாவில்தானே என்று பெரியப்பா ஒருநாள் தானே அமைதி அடைந்தார்.

வலிமை இயல்

நூலின் உயிர் இங்கே இருக்கிறது. சூத்திரம் இது.

‘வாங்குனா முழங்காலுக்கு மேல வாங்கு.’

முதலில் பெனால்டி கார்னரைப் புரிந்துகொள்ள வேண்டும். தடுக்கும் பக்கத்தில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் துரத்தப்படுவார்கள். ஓரத்திலிருந்து பந்து தள்ளப்பட்ட கணத்தில் ஒருவன் அடிக்கப்போகும் ஆளை நோக்கி நேராக ஓட வேண்டும். அவன்தான் ஃபர்ஸ்ட் ரஷ்ஷர். பந்தின் எடை 156 முதல் 163 கிராம். நல்ல டிராக் ஃப்ளிக் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். வட்டத்தின் விளிம்பிலிருந்து கோலுக்கு 14.63 மீட்டர், கணக்குப் போட்டால் அரை நொடி. தும்மலுக்குக்கூடப் போதாத நேரம். அந்த அரை நொடிக்குள் பந்து வரும் பக்கமாகவே ஒருவன் ஓடுகிறான். உலகத்தில் எல்லா உயிரும் எறியப்பட்ட பொருளிலிருந்து விலகி ஓடும். எதிர்த்து ஓடுவது ஃபர்ஸ்ட் ரஷ்ஷரும் கல்யாணச் சாப்பாட்டில் இரண்டாம் பந்திக்காரரும்தான்.

இனி முழங்கால். அடிக்கிற இடத்திலிருந்து ஐந்து மீட்டருக்குள் ஓடிவந்த தடுப்பாட்டக்காரனுக்கு, அந்த முதல் அடி முழங்காலுக்குக் கீழே பட்டால் இன்னொரு பெனால்டி கார்னர். முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால், நேராக நின்றிருந்த பட்சத்தில், அடி ஆபத்தானது என்று தீர்ப்பாகி, தடுத்த அணிக்கே ஃப்ரீ ஹிட். இது பெரியப்பாவின் கற்பனை அல்ல; விதிப் புத்தகத்தில் உள்ளது. அதாவது வலி எவ்வளவு என்பது விதிக்குப் பொருட்டில்லை. எந்த மாடியில் வலித்தது என்பதே பொருட்டு. கணுக்காலில் வாங்கியவன் துரோகி. தொடையில் வாங்கியவன் தியாகி. மனித உடலை இவ்வளவு தெளிவாக மேல்சபை, கீழ்சபை என்று பிரித்த சட்டம் வேறு உண்டா என்று யாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சூத்திரத்தின்படி பெரியப்பா மனத்தில் முதலிடம் அமித் ரோகிதாஸுக்கு. ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்துக்காரர். ஃபர்ஸ்ட் ரஷ்ஷர்களில் பேர் எடுத்தவர். 2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் அவருடைய மட்டை பிரிட்டன் ஆட்டக்காரர் முகத்தில் பட்டு, இரண்டாம் பகுதியின் தொடக்கத்திலேயே சிவப்பு அட்டை. இந்தியா நாற்பது நிமிடத்துக்கும் மேல் பத்துப் பேராக ஆடியது. 1–1 என்று சமன் செய்து, ஷூட் அவுட்டில் 4–2 என்று வென்றது. அன்று பெரியப்பா சோபாவில் உட்காரவே இல்லை. நம் பக்கம் ஒரு ஆள் குறைகிறதே, நான் உட்கார்ந்தால் இரண்டு குறையும் என்றார்.

ஆனால் ரோகிதாஸுக்கு அடுத்த ஆட்டத்தில் தடை. ஆகஸ்ட் 6, அரையிறுதி, எதிரே ஜெர்மனி. ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் வந்தது, அடித்தவர் பெய்லட். இந்தியா 3–2 என்று தோற்றது. ரோகிதாஸ் ஓடியிருந்தால் அந்தப் பந்து அவர் தொடையில் நின்றிருக்கும் என்பது பெரியப்பாவின் அசைக்க முடியாத முடிவு. ‘தொடையில நின்னுருக்கும்டா’ என்று சொல்லும்போது தன் தொடையைத் தானே அறைந்துகொள்வார். மேசையில் சாய் தளும்பும்.

இரண்டு மாதம் கழித்து ஏலம் வந்தபோது என்ன நடந்தது? அடித்த பெய்லட் ஹைதராபாத்துக்கு. ஓடாமல் உட்காரவைக்கப்பட்ட ரோகிதாஸ் 48 லட்சத்துக்குத் தமிழ்நாட்டுக்கு. பிறந்த மண்ணுக்குக் கேடயம் போயிற்று. வாழ்கிற மண்ணுக்கு ஈட்டி வந்தது. புறத்திணைகளில் இதற்குத் திணை உண்டா என்று தேடிப் பார்த்தோம். வெட்சியும் இல்லை, கரந்தையும் இல்லை. ஆநிரைகள் தாமாகவே ஏலத்துக்கு நடந்துபோகும் நிலை அவர்கள் காலத்தில் இல்லை. ‘68 லட்சத்தை அவன் தலையில கொட்டுறதுக்குப் பதிலா, 48 கொடுத்து அந்த ஒடிசாப் பையனைக் கொண்டாந்திருந்தா மிச்சம் 20 லட்சத்துக்கு ஊர்ப் பசங்க நாலு பேருக்கு ஷூ வாங்கியிருக்கலாம்’ என்பது அவர் வகுத்த மாற்று நிதிநிலை அறிக்கை.

லாலாகுடா உரைகாரர் இதை ஏற்கவில்லை. முன்னாள் கோல்கீப்பர் அல்லவா; முன்னே ஓடுகிற ரஷ்ஷர் பார்வையை மறைக்கிறான், பந்து அவன் காலிடுக்கில் வரும்போதுதான் தெரிகிறது என்பது அவர் அனுபவம். ‘தில்லு அவனுக்கு, அடி எனக்கு’ என்றார். கையை மேசையில் விரித்துக் காட்டினார். சுண்டு விரலின் மேல்கணு வெளிப்பக்கம் கோணியிருந்தது. அந்த விரலால்தான் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். நாற்பது ஆண்டுகளாக யாம் அதைச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தோம்.

வலிமையின் வரலாற்றில் உபகரணங்கள் பற்றியும் ஒரு சொல். இன்று கார்னருக்கு நிற்பவர்கள் முகத்துக்குக் கவசம், முழங்காலுக்குப் பட்டை, கைக்கு உறை என்று ஸ்கூட்டரில் தொலைதூரம் போகிறவர்கள்போல இருக்கிறார்கள். பெரியப்பா காலத்தில் காலுறைக்குள் மடித்த செய்தித்தாள்தான். தமிழ்ப் பேப்பர் அந்த ஊரில் ஒருநாள் தாமதமாக வரும், ஆனால் மெலிது. இங்கிலீஷ் பேப்பர் கனம். ஞாயிற்றுக்கிழமை இணைப்போடு சேர்த்து மடித்தால் எருமைத் தோல். அதனால் பெரிய ஆட்டங்களை ஞாயிறு மாலையில் வைக்கச் சொல்லி இவர்கள் பணிமனையில் கேட்டதுண்டாம். மௌலாலி உரைகாரர் மட்டும் உருதுப் பேப்பர் வைத்து ஆடியவர். பந்து வலமிருந்து வந்தால்தான் தடுக்கும் என்று மற்றவர்கள் கேலி செய்ததை இன்னும் மறக்கவில்லை.

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. காலையில் நிதியமைச்சர், ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியில்லை என்று அறிவித்தார். தெருவே அதைப் பேசிக்கொண்டிருந்தது. பென்ஷன்காரரான பெரியப்பா ‘சரி சரி’ என்று சேனலை மாற்றச் சொன்னார். அன்றுதான் தூஃபான்ஸுக்கும் பெங்கால் டைகர்ஸுக்கும் இறுதியாட்டம். மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் சூர்மா அணியிடம் தோற்றிருந்தது. ஆகவே இந்த ஒரு ராத்திரிக்கு அவருக்கு அம்பயர் கட்சியில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உரைகாரர் இருவரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

முதல் கோல் பெய்லட் போட்டார். மூவரும் பெரியப்பாவைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பெங்காலின் ஜுக்ராஜ் சிங் ஆரம்பித்தார்; ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் பெரியப்பா, ‘ஓடுடா, மேல வாங்குடா’ என்று திரையைப் பார்த்துக் கத்தினார். நடுவில் அமன்தீப் லக்ரா ஒன்று, பெய்லட் மறுபடி ஒன்று, 3–3. பெய்லட்டின் இரண்டாம் கோலுக்கு 68 லட்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசிப் பகுதியில் நியூசிலாந்துக்காரர் சாம் லேன் பெங்காலுக்கு நான்காவதைப் போட்டார். 4–3. தூஃபான்ஸ் இரண்டாமிடம்.

‘ரஷ்ஷர் இல்ல. அவ்வளவுதான்’ என்று பெரியப்பா எழுந்தார். பரணிலிருந்து தன் பழைய மட்டையை எடுத்துவந்து, ஹாலின் நடுவில், கார்னரில் எப்படி உடம்பை வளைத்து ஓட வேண்டும் என்று காட்டத் தொடங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். கல்யாணமான புதிதில் பணிமனைகளுக்கிடையே நடந்த ஆட்டத்தில் இப்படித்தான் ஓடி, தொடையில் வாங்கி, ஆட்டத்தையே காப்பாற்றியதாகச் சொன்னார். இந்தச் சம்பவம்தான் வலிமை இயலுக்கு மூலப்படி என்பதை யாம் அப்போதுதான் அறிந்தோம். குறிப்பேட்டைத் திறந்தோம்.

சமையலறை வாசலில் பெரியம்மா நின்றிருந்தார்.

‘தொடையிலயா வாங்குனீங்க? நான் அன்னிக்கு டிபன் கேரியரோட அங்கதானே உக்காந்திருந்தேன்’ என்றார்.

ஆய்வுலகில் நேர்ச்சாட்சி கிடைப்பது அரிது. அது நாற்பது ஆண்டுகளாக அதே வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்தது இன்னும் அரிது. பெரியம்மாவின் வாக்குமூலம் வருமாறு: பெரியப்பா ஓடியது உண்மை, பந்து பட்டதும் உண்மை, ஆனால் பட்டது காலில், கீழே. அம்பயர் மறுபடி கார்னர் கொடுத்தார், அதில் கோல் விழுந்தது. ஆட்டம் தோற்றது. காயத்துக்கு மூன்று வாரம் மஞ்சள் அரைத்துப் போட்டது தான்.

‘தழும்பு இருக்கே, பாருங்க’ என்று லாலாகுடா உரைகாரர் துள்ளி எழுந்தார். பெரியப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தோம். இடதுகாலில், எலும்பின் முன்பக்கத்தில், ஐம்பது பைசா அளவுக்கு வழவழவென்று வெளுத்த வட்டம். அந்த இடத்தில் மட்டும் முடி இல்லை. மௌலாலி உரைகாரர் விரல்களைப் படுக்கவைத்து அளந்தார். முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை.

எல்லாரும் ஆக்கியோனைப் பார்த்தோம். அவர் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார், வேட்டியை இறக்கிவிட்டார்.

‘அப்ப மேலதான்டா இருந்துச்சு’ என்றார். ‘இத்தனை வருஷத்துல இறங்கிடுச்சு.’